மண்பொறி இல்லாத மடல்

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் கைப்பேசிகளில் ஒரு குறுஞ்செய்தி ஊர் ஊராகச் சுற்றியது. போன மாத மின்கட்டணம் கணக்கில் ஏறவில்லை, ஆகவே இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே மின்வாரிய அதிகாரியை இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில், பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து வந்தது. கூப்பிட்டவரிடம் மறுமுனையில் இருப்பவர் மரியாதையாகப் பேசி ஒரு செயலியை இறக்கச் சொல்வார். கைப்பேசித் திரையில் நடப்பதை அப்படியே அடுத்தவருக்குக் காட்டும் செயலி அது. பிறகு, சரிபார்ப்பதற்காகச் சிறு தொகை ஒன்றைக் கட்டச் சொல்வார். கட்டும்போது தட்டிய ரகசிய எண்களெல்லாம் அவர் கண்ணெதிரே விழுந்துவிடும்.

அந்தச் செய்தியிலேயே அதன் பொய் இருந்தது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு மாதக் கட்டணம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. 'போன மாத பில்' என்று இங்கே யாருக்கும் இருக்க முடியாது. ஒரே வாசகம் பல மாநிலங்களில் சுற்றியதால், தமிழ்நாட்டுக்கென்று அதைத் திருத்த யாரும் மெனக்கெடவில்லை. கணக்கெடுப்பவர் எப்போது வருவார், கடைசித் தேதி எது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏமாந்தார்கள். கவனக்குறைவு, பேராசை என்று இதைத் தள்ளிவிடலாகாது. ஈ.பி. பில்லைக் கட்ட நினைத்தவரிடம் பேராசைக்கு என்ன இடம்? பாக்கி வைக்கக் கூடாது என்ற நாணயமே அவரை அந்த எண்ணைக் கூப்பிட வைத்தது.

அதனால் கேள்வியை வேறு பக்கமிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. உண்மையான நிறுவனம் அனுப்பும் மடலையும், அடையாளத்தைக் களவாட வரும் மடலையும் பிரித்தறிய, பெறுபவர் கையில் என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது?

கோபியிலிருந்து திருப்பூர் போகும் வழியில் உள்ள பேரூராட்சி குன்னத்தூர். இந்தப் பக்கத்தில் 'கம்பெனி' என்றால் பனியன் கம்பெனிதான். "கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்திருக்குது" என்று ஒரு தையல்காரர் சொன்னால், ஓவர்டைம் கணக்கோ சம்பளமோ என்றுதான் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் அவர் கைப்பேசிக்கு எழுதும் கம்பெனிகள் இன்று இருபதுக்குக் குறையாது. பி.எஃப். சந்தா ஏறியதை வைப்புநிதி அலுவலகம் சொல்கிறது. சம்பளம் வந்ததை வங்கி சொல்கிறது. சிலிண்டர், சுயஉதவிக் குழுத் தவணை, நகைக்கடன் வட்டி, வண்டிக் காப்பீடு, ஆன்லைனில் வாங்கிய சுடிதாரின் பார்சல், மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, தோட்டம் இருந்தால் பிஎம் கிசானின் 2,000 ரூபாய் என்று வரிசை நீள்கிறது. இவற்றில் பாதி ஆங்கிலம். இந்த இருபதின் நடுவே இருபத்தொன்றாவதாக ஒன்று வந்து உட்காரும்போது, அதைத் தனியாக எடுத்துப் பார்க்க யாருக்கு நேரம்? லைனில் பீஸ் வந்துகொண்டே இருக்கும்.

பிரித்தறிவதற்கென்று நெடுநாளாகச் சொல்லப்படும் அறிவுரைகள் சில உண்டு. எழுத்துப்பிழை இருக்கிறதா பார், முகவரி சரியா பார், பெயர் சொல்லி அழைக்கிறதா பார் என்பவை. முகவரியையே எடுத்துக்கொள்வோம். 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது குன்னத்தூர் ஈரோட்டிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. இப்போது ஊத்துக்குளி வட்டம். ஆனால் அஞ்சல் குறியீடு இன்றும் ஈரோட்டுப் பகுதிக்குரிய 638-ல்தான் தொடங்குகிறது. திருப்பூர் நகரத்துக்கு 641. ஆகவே 'ஈரோடு மாவட்டம்' என்று அச்சிட்டு வரும் கடிதம் முழுக்க உண்மையாக இருக்கலாம், எவரோ பழைய பதிவைத் திருத்தாமல் விட்டிருப்பார்கள். மாவட்டம், வட்டம், குறியீடு எல்லாம் அட்சரம் பிசகாமல் வரும் மடல் களவாக இருக்கலாம், ஏனென்றால் அது யாருடைய ஆதார் நகலையோ பார்த்து எழுதப்பட்டது. பெயரும் அப்படித்தான். கசிந்துபோன பட்டியல்களில் பெயர், கைப்பேசி எண், சில சமயம் கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள்கூட உண்டு.

எழுத்துப்பிழைக்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மாக் ஹெர்லி 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார். நைஜீரிய மோசடிக்காரர்கள் தாங்கள் நைஜீரியாவிலிருந்து எழுதுவதாக ஏன் வெளிப்படையாகவே சொல்கிறார்கள் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நம்ப முடியாத கதையைச் சொன்னால் சந்தேகப்படுகிறவர்கள் தாமே விலகிவிடுவார்கள், எளிதில் நம்புகிறவர்கள் மட்டும் எஞ்சுவார்கள், மோசடிக்காரனுக்கு நேரம் மிச்சம் என்பது அவர் வாதம். பிழை என்பது சில நேரம் சல்லடை. அது இல்லாவிட்டால் மடல் உண்மை என்று ஆகிவிடாது. இப்போது செய்யறிவுக் கருவிகள் பிழையில்லாத தமிழில் எழுதித் தருகின்றன. எழுத்துப்பிழையை நம்பியிருந்த அறிவுரைக்கு இனி ஆயுள் இல்லை.

பார்வையால் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை 2006-லேயே ரச்னா தமிஜா, டக் டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் மூவரும் சோதித்துக் காட்டினார்கள். 22 பேரிடம் உண்மையும் போலியுமான இணையப் பக்கங்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். மிகத் திறமையாகச் செய்யப்பட்ட ஒரு போலிப் பக்கம் பத்தில் ஒன்பது பேரை ஏமாற்றியது. ஏறத்தாழ கால்வாசிப் பேர் உலாவியின் முகவரிப் பட்டை போன்ற அடையாளங்களைப் பார்க்கவே இல்லை. வயது, பால், படிப்பு, கணினிப் பழக்கம் எதுவும் ஏமாறுவதோடு குறிப்பிடத்தக்க தொடர்பு காட்டவில்லை. போலி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு, அதைத் தேடவே உட்கார்ந்தவர்களின் நிலை இது. படித்தவர் தப்புவார், பாமரர் மாட்டுவார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

மாட்டுச் சந்தைக்குப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கலாம். மாட்டை வாங்குகிறவர் தரகர் சொல்லும் வயதைக் கேட்டுக்கொள்வார். ஆனால் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். பல், தரகர் வைத்ததல்ல. மடலில் உள்ள சின்னம், பெயர், வண்ணம், வாசகம் எல்லாமே அனுப்பியவர் வைத்தவை. அனுப்பியவர் வைக்க முடியாத ஒன்று அதில் இருக்கிறதா என்பதுதான் தேட வேண்டியது.

சிலப்பதிகாரத்தில் இதற்கு இரண்டு காட்சிகள் உண்டு. மதுரைக்குப் போகும் வழியில் இருக்கும் கோவலனிடம் கோசிகன் என்னும் அந்தணன் மாதவியின் ஓலையைக் கொடுக்கிறான். மண் இலச்சினை இட்ட ஓலை, மாதவி தன் கூந்தலால் பொறி ஒற்றியது. ஓலையைப் பிரிக்கும் முன்பே, உடன் வாழ்ந்த நாட்களில் பழகிய கூந்தல் நெய்யின் வாசம் அந்த மண்பொறியில் இருப்பதைக் கோவலன் உணர்கிறான். அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றால் மடல் மெய்யாகிறது. அடுத்தது மதுரை. அரசனிடம் பொற்கொல்லன் ஒரு செய்தி கொண்டுபோகிறான்: தேவியின் சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான். செய்தி கொண்டுவந்தவனின் வாயைத் தவிர வேறு எதையும் அரசன் சரிபார்க்கவில்லை. சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்ற கேள்வி கோவலன் வெட்டுண்ட பிறகுதான் அவைக்கு வந்தது. அரசனையும் அவசரம்தான் கெடுத்தது.

நம் கைப்பேசிக்கு அப்படியொரு மண்பொறியைச் செய்ய ஒரு முயற்சி நடந்திருக்கிறது, பலருக்கும் தெரியாமல். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன் அனுப்புநர் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். அதனால்தான் வங்கியின் செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வராமல், இரண்டு எழுத்து, ஒரு சிறுகோடு, பிறகு ஆறு எழுத்து என்ற தலைப்பில் வருகிறது. முன்னால் உள்ள இரண்டில் முதல் எழுத்து தொலைபேசி நிறுவனத்தையும் அடுத்தது வட்டாரத்தையும் குறிக்கும். 2025 மே மாதம் முதல் இறுதியில் இன்னொரு எழுத்தும் சேர்ந்தது: விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பணப் பரிவர்த்தனைக்கு 'டி', அரசுக்கு 'ஜி'. எந்தத் தலைப்பு எந்த நிறுவனத்துடையது என்பதை டிராயின் தளத்தில் தேடிப் பார்க்கலாம். 2024 அக்டோபர் 1 முதல், முன்பதிவு செய்யாத இணைப்புகள் உள்ள வணிகச் செய்திகளைத் தடுக்க வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. அழைப்புகளுக்கும் வரிசை வகுக்கப்பட்டிருக்கிறது. வங்கி சேவைக்காகக் கூப்பிட்டால் 1600-ல் தொடங்கும் எண், விற்பனைக்காகக் கூப்பிட்டால் 140. வங்கிகளின் இணைய முகவரிக்கும் தனி முடிவு வந்தது. 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. அந்த முடிவைப் பதிவுசெய்து தரும் உரிமை ஐதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றுக்கு மட்டுமே உண்டு.

நல்ல ஏற்பாடுகள்தாம். 2022-ன் மின்வாரியச் செய்தியை அதன் பத்து இலக்க எண்ணைப் பார்த்த உடனே ஒதுக்கியிருக்கலாம். ஆனால் மோசடி அதற்குள் வாட்ஸ்அப்புக்கு நகர்ந்துவிட்டது. அங்கே டிராயின் தலைப்பும் கிடையாது, இறுதி எழுத்தும் கிடையாது. போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான், வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் அங்கே வருவது செயலிக் கோப்பு. தட்டினால் கைப்பேசிக்குள் குடியேறி, வரும் ஓடிபிகளைப் படித்து அனுப்பிவிடும்.

இன்னொரு தடை மொழி. குறுஞ்செய்தியின் அளவு ரோமன் எழுத்தில் 160, தமிழுக்கு 70. அந்த எழுபதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'வங்கி' என்று நாம் மூன்று எழுத்தாகப் படிப்பதைக் கணினி ஐந்தாகக் கணக்கிடுகிறது, 'உங்கள்' ஆறு. ஒரே செய்தியைத் தமிழில் அனுப்ப நிறுவனம் இரண்டு, மூன்று செய்திக்கான காசு கொடுக்க வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிப்பதன் விலையைப் பெறுபவர் கொடுக்கிறார். தனக்குப் புரியாத மொழியில் உண்மையான வங்கியும் எழுதுகிறது, திருடனும் எழுதுகிறான். இரண்டையும் எட்டாவது படிக்கும் பிள்ளையிடமோ இ-சேவை மையத்திலோ நீட்டிப் படிக்கச் சொல்கிறவருக்கு, இறுதி எழுத்து 'எஸ்'-ஆ 'பி'-யா என்பது எப்படி அடையாளமாகும்?

உண்மையான நிறுவனங்கள் திருடனைப் போல எழுதுவதை நிறுத்தாதவரை பெறுபவருக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் பயன் குறைவு. இதை நான் சும்மா சொல்லவில்லை. நம் மக்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் இது நடந்து முடிந்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் அங்கே குறுஞ்செய்திகள் போயின. கணக்கில் சிக்கல், இந்த இணைப்பைத் தட்டுங்கள் என்றன. அவை வங்கி அதுவரை அனுப்பிய உண்மைச் செய்திகள் இருந்த அதே உரையாடல் இழையிலேயே போய் உட்கார்ந்தன. அனுப்புநர் பெயரைப் போலியாக்கினால் கைப்பேசி இரண்டையும் ஒருவர் என்றே எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். வங்கி முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. அடுத்து நடந்ததுதான் முக்கியம். 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளிடம், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் செய்திகளிலும் மின்னஞ்சல்களிலும் தட்டும் இணைப்புகளை நீக்கச் சொன்னது. உண்மை மடலின் உருவத்தையே மாற்றினார்கள். வங்கி ஒருபோதும் இணைப்பு அனுப்பாது என்று ஊரறிந்துவிட்டால், இணைப்போடு வருவது எதுவாக இருந்தாலும் வங்கியுடையதில்லை. சின்னத்தையும் எழுத்துப்பிழையையும் ஆராய வேண்டிய தேவையே இல்லை. 2023 ஜனவரி 31 முதல் அங்கே பதிவில்லாத அனுப்புநர் பெயர்களின் மேல் 'மோசடியாக இருக்கலாம்' என்ற முத்திரையும் விழுகிறது.

இதற்கு நேர் எதிரான பாடம் அமெரிக்காவில். 2017-ல் ஈக்விஃபேக்ஸ் என்னும் கடன் தகவல் நிறுவனத்திடமிருந்து 14 கோடிக்கும் மேற்பட்டவர்களின் அடையாள விவரங்கள் களவுபோயின. பாதிக்கப்பட்டவர்களுக்காக அந்நிறுவனம் தன் வழக்கமான முகவரியை விட்டுப் புதிதாக ஒரு தளம் திறந்தது. பெயரைப் பார்த்தால் மோசடித் தளம் போலவே இருந்தது. நிக் ஸ்வீட்டிங் என்ற நிரலாளர் அந்தப் பெயரின் சொற்களை இடம்மாற்றி ஒரு போலித் தளம் செய்து காட்டினார். ஈக்விஃபேக்ஸின் சொந்த ட்விட்டர் கணக்கே மக்களை அந்தப் போலித் தளத்துக்குப் போகச் சொன்னது. தன் வீட்டு வாசல் எது என்று நிறுவனத்துக்கே தெரியாதபோது வழிப்போக்கரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

திருப்பூர்ப் பக்கத்து ஏற்றுமதியாளர்களுக்கு இந்தக் களவு வேறு முகத்தோடு வருகிறது. வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே மாதக்கணக்கில் மின்னஞ்சல் ஓடுகிறது. சாம்பிள், அளவு, சாயம், ஷிப்மென்ட் தேதி என்று எல்லாம் அதில்தான். எவனோ ஒருவன் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்துக் கடவுச்சொல்லை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் படித்துக்கொண்டே இருப்பான். சரக்கு கப்பலேறி பணம் வரவேண்டிய வாரத்தில் பையருக்கு ஒரு மடல் போகும்: தணிக்கை நடப்பதால் பழைய கணக்கு முடக்கம், இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள். ஆர்டர் எண் சரி, தொகை சரி, மேனேஜர் எழுதும் நடைகூடச் சரி. அனுப்பிய முகவரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் 'எம்' போலத் தெரியும் அல்லவா, அந்த அளவு மாற்றம்தான். அமெரிக்க எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்தில் 2024-ல் மட்டும் இந்த வகையில் பதிவான இழப்பு சுமார் 277 கோடி டாலர்.

பெரிய நிறுவனங்கள் தப்பிவிடுகின்றனவா என்றால், இல்லை. லித்துவேனியாக்காரரான எவால்டாஸ் ரிமசௌஸ்காஸ், தைவானின் குவான்டா நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்து, 2013 முதல் 2015 வரை ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் போலி விலைப்பட்டியல் அனுப்பி 12 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டார். 2019 டிசம்பரில் நியூயார்க்கில் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மின்னஞ்சல் வடிகட்டும் தொழில்நுட்பத்தை உலகுக்கு விற்பவர்களே ஏமாந்து பணம் கட்டியிருக்கிறார்கள் என்றால், நாற்பது பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் குன்னத்தூர் யூனிட்டின் கணக்கரிடம் கூர்மையாகப் பாருங்கள் என்று மட்டும் சொல்வது போதாது.

உள்ளூர் வியாபாரத்தில் ஒரு மண்பொறி வந்திருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் பிற வணிகர்களுக்குத் தரும் பில்லில் 2023 ஆகஸ்ட் 1 முதல் அரசுத் தளம் கையொப்பமிட்ட கியூஆர் குறி கட்டாயம். நூல் மில் அனுப்பிய பில் உண்மைதானா என்று அதை வைத்துச் சோதிக்கலாம். ஆனால் அந்தக் குறிக்குள் இருப்பவை விற்பவர், வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, தொகை, சரக்குக் குறியீடு போன்றவை. வங்கிக் கணக்கு எண் அதில் இல்லை. பில் உண்மையாகவும் அடியில் அச்சிட்ட கணக்கு எண் திருடனுடையதாகவும் இருக்க முடியும். இன்னொரு ஓட்டை நெடுநாள் இருந்தது. நெஃப்டிலும் ஆர்டிஜிஎஸிலும் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணம் வரவு வைக்கப்பட்டது, பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப்படவில்லை. பணம் போவதற்கு முன் கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகுதான் அது அடைபட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கணக்கு மாறியது என்று மடல் வந்தால், அந்த மடலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, ஆர்டர் பேசிய அன்று குறித்துவைத்த பழைய எண்ணில் கூப்பிட்டுக் கேட்பதே வழி. மடல் வந்த பாதையிலேயே பதில் போகக் கூடாது. நாம் ஏற்கெனவே அறிந்த வேறொரு பாதையில் போக வேண்டும். ஈ.பி. செய்திக்கும் இதே விதிதான்.

இதுவரை சொன்னதெல்லாம் பொய்யை உண்மை என்று நம்புவது பற்றி. உண்மையைப் பொய் என்று ஒதுக்குவதும் உண்டு, அதன் சேதம் பெரிது. திருப்பூர் வட்டாரத்தில் வேலைக்குச் சேரும் ஒருவர் முதல் நாளில் கொடுப்பது ஆதார் ஜெராக்ஸ். கான்ட்ராக்டரிடம் ஒன்று, விடுதிக்கு ஒன்று, சிம் கடைக்கு ஒன்று, குழுக் கடனுக்கு ஒன்று. பான் நகலும் கூடவே போகும். பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று ஜிஎஸ்டி நோட்டீஸ் வருகிறது. அவர் பெயரில் எங்கோ ஒரு நிறுவனம் பதிவாகி, சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள் பலருக்கு இப்படி நோட்டீஸ் வந்த செய்திகளை நாளிதழ்களில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். 2023 மே 16-ல் தொடங்கி இரண்டு மாதம் நாடெங்கும் நடந்த சிறப்புச் சோதனையில், இடத்தில் இல்லாத 21,791 பதிவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. சந்தேகிக்கப்பட்ட வரி ஏய்ப்பு சுமார் 24,010 கோடி ரூபாய்.

அந்த நோட்டீஸைப் பார்க்கும் தையல்காரருக்கு அது மோசடி மடல் போலத்தான் இருக்கும். மாதம் பதினைந்தாயிரம் வாங்குகிறவருக்குக் கோடியில் வரி என்றால் வேறென்ன தோன்றும்? மிரட்டல், கெடு, ஆங்கிலம் என்று மோசடிக்குச் சொல்லப்பட்ட எல்லா அடையாளமும் அதில் இருக்கின்றன. ஆனால் மடல் உண்மை, அதற்குக் காரணமான பதிவுதான் பொய். இன்னொரு கொடுமை: பதிவின்போது கொடுத்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் திருடனுடையவை. ஜிஎஸ்டி சட்டத்தின்படி மின்னஞ்சலிலும் தளத்திலும் அனுப்பினாலே நோட்டீஸ் சார்பு செய்யப்பட்டதாகும். முதல் இரண்டு மூன்று கடிதங்கள் திருடனுக்குப் போய்விடும். உரியவர் கைக்கு ஏதோ ஒன்று வந்து சேரும்போது பதில் சொல்லும் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். இதைக் கிழித்துப் போடுவதுபோல் ஆபத்தானது வேறில்லை.

இதற்கு வருமான வரித் துறை செய்தது மற்ற எல்லோருக்கும் முன்மாதிரி ஆகத்தக்கது. 2019 அக்டோபர் 1 முதல் அத்துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அரிதான சில விதிவிலக்குகள் தவிர, அது இல்லாத கடிதம் செல்லாது. அந்த எண்ணைத் துறையின் தளத்தில் போட்டால் கடிதம் உண்மையா என்று சொல்லிவிடும். உள்ளே நுழையக் கடவுச்சொல்கூட வேண்டாம். அதே ஆண்டு நவம்பர் 8 முதல் மத்திய மறைமுக வரித் துறையும் இதைத் தொடங்கியது. ஜிஎஸ்டி தளம் வழியே வரும் ஆணைகளுக்கு மேற்கோள் எண் உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் ஒருவர் தன் பான் எண்ணைப் போட்டு, தன் பெயரில் எங்காவது நிறுவனம் இருக்கிறதா என்றும் தேடலாம். கடனுக்கு இதேபோல், கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகின்றன என்பதை சஞ்சார் சாத்தி தளம் காட்டும். ஆண்டுக்கு ஒருநாள், பிள்ளைகள் வீட்டில் இருக்கும் விடுமுறையில், இந்த மூன்றையும் பார்த்துவிடுவது வரி கட்டுவதுபோல் பழக்கமாக வேண்டும்.

ஆதார் நகல் விஷயத்தில் அரசே தடுமாறியது. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்டவரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைப் பயன்படுத்துங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று காரணம் சொல்லி இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. என் கருத்தில் எச்சரிக்கைதான் சரி. மறைத்த ஆதாரை ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதை ஏற்றுக்கொள்ளும்படி பனியன் கம்பெனிகளையும் விடுதிகளையும் பழக்குவதே மீதமுள்ள வேலை.

பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய இணையக் குற்ற உதவி எண் 1930. கூப்பிடுவது எவ்வளவு சீக்கிரமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. 2024-ல் நாடு முழுதும் இணைய மோசடியில் இழந்ததாகப் பதிவான தொகை 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு 7,465 கோடி. அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறை சொல்கிறது. ஆனால் தாலி அடகு வைத்த பணம் போனவருக்கு முதல் கேள்வி, பணம் திரும்புமா என்பதே.

அங்கேதான் வங்கிக் கிளைக் கவுண்டரில் அவர் கேட்கும் முதல் வாக்கியம் குத்துகிறது. "நீங்கதானே ஓடிபி சொன்னீங்க." இந்த ஒரு வாக்கியத்தோடு பெரும்பாலானோர் வீடு திரும்பிவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இவ்வளவு சுருக்கமாக இதை முடிக்கவில்லை. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறை இல்லாமல் வேறெங்கோ நடந்த களவானால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்புக்கு வரம்பு உண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. கவனக்குறைவு என்று நிரூபிக்க வேண்டிய கடமையும் அந்தச் சுற்றறிக்கையின்படி வங்கிக்கே உரியது. தான் குற்றமற்றவர் என்று வாடிக்கையாளர் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்தக் கொள்கையை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. குன்னத்தூரில் உள்ள ஒவ்வொரு கிளையிலும் கவுண்டருக்கு மேலே, நகைக்கடன் வட்டி எழுதிய அதே அளவு எழுத்தில், தமிழில், அதை எழுதி மாட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.